கதவைத் தட்டினவளுக்குப் பாஸ்டரம்மா சொன்ன பதில்

வேதபாடம்: யாத்திராகமம் 1:15-21, உபாகமம் 19:1-10, யோசுவா 2-ம் அதிகாரம்



மேலே குறித்திருக்கிற மூன்று பகுதிகளையும் முதலில் வேதத்தைத் திறந்து வாசித்துவிடுங்கள். பாடத்தைப் படித்துவிட்டு அப்புறம் வேதத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அது நடக்காது. எனக்கே நடந்ததில்லை. வாசித்தாயிற்றா? சரி, இப்பொழுது பிரான்சு தேசத்திலுள்ள ஒரு மலைக் கிராமத்துக்குப் போவோம்.

ஊரின் பெயர் லெ ஷாம்போன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு மேட்டுநிலம். குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் பனி கொட்டும். மாடு வளர்ப்பு, கொஞ்சம் விவசாயம், கோடைக்கு வருகிற பட்டணத்து ஆட்களுக்கு அறை வாடகைக்கு விடுவது, இவ்வளவுதான் பிழைப்பு. பணக்கார ஊர் அல்ல. படித்த மேதைகள் நிறைந்த ஊரும் அல்ல. அந்த ஊர்ச் சபையின் போதகர் ஆந்திரே திரோக்மே, 1934-ல் அங்கே வந்தவர். அவருடைய மனைவி மாக்தா, இத்தாலி தேசத்து ஃபிளாரன்சில் பிறந்தவர். நாலு பிள்ளைகள்.

1940 ஜூன் மாதம் ஜெர்மனி பிரான்சை முறியடித்தது. ஜூன் 22-ந்தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வடபகுதியை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். தெற்கே மார்ஷல் பெத்தேன் என்ற வயதான தளபதியின் தலைமையில், ஹிட்லர் சொன்னதைச் செய்கிற ஒரு அரசாங்கம் ஏற்பட்டது. லெ ஷாம்போன் அந்தத் தென்பகுதியில்தான் இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் அந்த அரசாங்கம் யூதருக்கு விரோதமான சட்டத்தைப் பிறப்பித்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிரான்சிலிருந்து மட்டும் சுமார் 76,000 பேரை ரயிலேற்றி அனுப்பினார்கள். அதில் உயிரோடு திரும்பினவர்கள் மிகவும் கொஞ்சம் பேர்.

அந்த முதலாம் குளிர்காலத்தில் ஒருநாள் ராத்திரி போதகர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மாக்தா அம்மையார் சமையலறையில் இருந்தார். திறந்து பார்த்தால் ஒரு பெண், மேலெல்லாம் பனி, குளிரில் நடுங்குகிறாள், முகத்தில் பயம். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். மாக்தா சொன்ன பதில் மிகவும் சின்னப் பதில். "தாராளமா வாங்க, உள்ளே வாங்க" என்கிற மாதிரி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நீ யார், எந்த மதம், உன்னால் எங்களுக்கு என்ன தொந்தரவு வரும் என்று எதையும் வாசலில் நிற்க வைத்து விசாரிக்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நனைந்துபோன அவளுடைய ஷூவை அடுப்பருகே காயப் போட்டார்கள். அது கருகிப்போயிற்று. பனிக்காலத்தில் ஷூ இல்லாமல் ஒரு மனுஷி எங்கே போவாள்? அந்த நாட்களில் ஷூவும் ரேஷன் பொருள், கடையில் போய் வாங்கிவிட முடியாது. மாக்தா ஊருக்குள்ளே அலைந்து ஒரு ஜோடி தேடினார். அதோடு நேராக ஊர் மேயரிடம் போய், இப்படி ஒரு பெண் வந்திருக்கிறாள், ஏதாவது காகிதம் கொடுங்கள் என்று கேட்டார். அதிகாரியிடம் போனால் உதவி கிடைக்கும் என்று நல்ல மனசோடு நினைத்தார். மேயரோ கோபப்பட்டு, நாளைக் காலைக்குள் அவள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் அந்தப் பெண்ணை வேறோரு இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டோம் என்பதை மாக்தா அன்றைக்குப் படித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களைக் குறித்து அவர் எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்கவில்லை.

பிரியமானவர்களே, இந்தக் கிராமத்தைக் குறித்து எழுதுகிறவர்கள் சிலர் முதல் நாளிலிருந்தே எல்லாம் திட்டம் போட்டு நடந்தது போல எழுதுகிறார்கள். அப்படி இல்லை. தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. ஆனாலும் கதவு மட்டும் யோசிக்காமல் திறந்தது. அது எப்படி? இதுதான் இந்த மாதத்துப் பாடம்.

முன்னமே ஆயத்தமான ஜனம்

அந்த மேட்டுநிலத்து ஜனங்கள் ஹியூகெனாட் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் சந்ததி. 1685-ல் பதினான்காம் லூயி ராஜா அவர்களுக்கு இருந்த வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பறித்துப்போட்டான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் காட்டிலும் மலைக் குகையிலும் கூடி ஆராதித்தார்கள். பக்கத்து ஜில்லாவைச் சேர்ந்த மேரி துராந் என்ற பெண் 1730-ல் சிறையில் அடைக்கப்பட்டு 1768-ல்தான் வெளியே வந்தாள். 38 வருஷம்! விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடுதலையாகியிருக்கலாம். அந்தச் சிறைக்கோபுரத்தில் எதிர்த்து நில் என்ற அர்த்தமுள்ள ஒரு சொல் கல்லில் கீறப்பட்டிருக்கிறது. அதைக் கீறினவள் அவளே என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். லெ ஷாம்போன் வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இதுதான். ராஜாவின் சேவகர் கதவைத் தட்டினால் என்ன செய்வது, ஒளிந்து ஓடிவருகிறவன் தட்டினால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் இருந்தது.

கதை மட்டும் போதுமா? போதாது. பாடுபட்ட முன்னோர்களின் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தி வைத்திருக்கிற சபைகளும் உண்டு. திரோக்மே போதகர் அங்கே ஒரு காரியம் செய்திருந்தார். சபையில் 13 வாலிபத் தலைவர்களைத் தெரிந்துகொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து ஒரு வேதபகுதியைப் படிப்பார். அவர்கள் போய்த் தங்கள் தங்கள் பகுதியில் சின்னக் கூட்டங்களில் அதே பகுதியைப் படிப்பார்கள். நம்முடைய வீட்டு ஜெபக்கூட்டம் மாதிரிதான். மலைப்பிரசங்கம், நல்ல சமாரியன் உவமை என்று திரும்பத் திரும்பப் படித்தார்கள். போர் வந்தபோது அந்தக் கூட்டங்களே பாதுகாப்பு வலையாக மாறிற்று. எந்த வீட்டில் இடம் இருக்கிறது, யாருக்கு உருளைக்கிழங்கு வேண்டும், எந்தப் பிள்ளையை எங்கே மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த வழியாகவே போயிற்று. புதிதாக ஒரு இயக்கம் ஆரம்பிக்கவில்லை, கவனியுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், 1940 ஜூன் 23 ஞாயிற்றுக்கிழமை, திரோக்மேயும் அவருடைய உடன் போதகர் எடுவார்ட் தேய்ஸும் சபைக்கு முன் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். மனசாட்சிக்கு விரோதமான காரியத்தைச் செய்யச் சொல்லி நம்மைக் கட்டாயப்படுத்துவார்கள், அப்பொழுது பகை இல்லாமல், பயமும் இல்லாமல், ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்த்து நிற்பதே கிறிஸ்தவனின் கடமை என்பது அதின் சாரம். இருவரும் துப்பாக்கியைத் தொட மறுத்த சமாதானவாதிகள். தேசமே பயந்து அழுதுகொண்டிருந்த நாளில் பிரசங்க பீடத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை!

ரோமர் 13 இருக்கிறதே?

இந்த இடத்தில் சிலர் கையைத் தூக்குவீர்கள், தெரியும். பிரதர், அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லி ரோமர் 13-ல் இருக்கிறதே, என்ன சொல்றீங்க? நான் டிப்ளமோ படித்தபோது அந்த அதிகாரத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். இப்பொழுது நினைத்தால், அந்த ஒரு மணி நேரமும் முதல் ஏழு வசனத்திலேயே போய்விட்டது. எட்டாம் வசனத்தை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. 8 முதல் 10 வரை வாசித்துப் பாருங்கள். அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது என்பதே அங்கே பவுல் வந்து சேருகிற இடம். வரியைக் கட்டச் சொல்கிற அதே அதிகாரம், பிறனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை.

எகிப்திலே சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். பார்வோனே கூப்பிட்டு நேரடியாகக் கட்டளை கொடுத்தான். அவர்களோ தேவனுக்குப் பயந்து ஆண்பிள்ளைகளை உயிரோடே விட்டார்கள். அந்தப் பார்வோனின் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை, இந்த இரண்டு பெண்களின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த காரியம்.

லெ ஷாம்போனில் இந்தக் கீழ்ப்படியாமை சின்னச் சின்ன விஷயங்களில் தொடங்கிற்று. கொடிக்குக் கையை நீட்டிச் சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், போதகர்கள் நடத்தின பள்ளியில் அது மெல்ல மெல்ல நின்றுபோனது. மார்ஷலின் கௌரவத்துக்காக ஆலய மணியை அடிக்கச் சொன்னார்கள். மணியடிக்கிற ஏழை மூதாட்டி, இந்த மணி தேவனுடையது, மார்ஷலுடையது அல்ல என்று சொல்லி அடிக்க மறுத்துவிட்டாளாம். மழையில் நின்று வாதாடினார்கள், அவள் அசையவில்லை. பெரிய காரியத்தில் நிற்கிறவர்கள் சின்னக் காரியத்தில் நின்று பழகினவர்கள்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரீஸில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்து ஒரு சைக்கிள் பந்தய அரங்கத்தில் அடைத்தார்கள், அதில் 4,000-க்கு மேல் குழந்தைகள். அடுத்த மாதம் இளைஞர் நலப் பொறுப்பிலிருந்த உயர் அதிகாரி ஒருவர் லெ ஷாம்போனுக்கு விஜயம் செய்தார். தேய்ஸ் நடத்தின பள்ளியின் மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரீஸில் நடந்ததைக் கேள்விப்பட்டோம், எங்கள் நடுவிலும் யூதர்கள் இருக்கிறார்கள், எங்களுக்குள் வேறுபாடு பார்க்க மாட்டோம், அவர்களைக் கொண்டுபோகச் சொன்னால் ஒளித்து வைப்போம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். கூட வந்திருந்த மாவட்ட அதிகாரி (நம்ம கலெக்டர் மாதிரி) கோபப்பட்டார். திரோக்மேயின் பதில் பிரசித்தமானது: யூதர் என்றால் யார் என்று எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு மனுஷரைத்தான் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் போலீஸார் பஸ்களோடு வந்து இறங்கினார்கள். யூதர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடு என்று போதகரைக் கேட்டார்கள். மறுத்தார். அதற்குள் பிள்ளைகளும் பெரியவர்களும் காட்டுக்குள்ளும் தொலைவான பண்ணை வீடுகளுக்கும் போயாயிற்று. வாரக்கணக்கில் தேடினார்கள், கிடைத்தது விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்கள்தான். பிடிபட்ட ஒரு மனுஷர் அந்தப் பெரிய பஸ்ஸில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். போதகரின் மகன், சின்னப் பையன், தன்னிடமிருந்த கடைசிச் சாக்லேட் துண்டைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டினான். அதைப் பார்த்த ஊரார் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலிருந்த தின்பண்டங்களைக் கொண்டுவந்து கொடுக்க, அவர் பக்கத்து சீட்டில் குவியலாயிற்று. போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் போலீஸ்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனைக்கு வருகிறார்கள் என்று போதகர் வீட்டுக்கு முன்கூட்டியே பெயர் சொல்லாத போன் வருமாம். உத்தியோகத்தில் இருந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆகாபின் அரமனையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்த ஒபதியாவை நினைத்துக்கொள்ளுங்கள் (1 இராஜாக்கள் 18:4). ஒபதியா ராஜினாமா செய்திருந்தால் அந்த 100 பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

பொய் சொல்லலாமா?

இதை நழுவவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட எனக்கு ஆசைதான். ஆனால் வீட்டுக்கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

ஒளிந்திருக்கிறவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டு இல்லாவிட்டால் ரொட்டி கிடையாது. ஆகையால் கள்ளக் காகிதம் தயாரித்தார்கள். அந்த வேலையைத் திறமையாகச் செய்தவர்களில் ஒருவர் ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி, தானே ஒளிந்திருந்த யூத வாலிபன், 18 அல்லது 19 வயது. ஒரு பண்ணை வீட்டில் தங்கி வேலை செய்தார். முத்திரைகளையும் காகிதங்களையும் அந்த விவசாயியின் தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தார்கள். எந்தப் போலீஸ்காரன் அதற்குள் கையை விடுவான்! பிற்காலத்தில் அவர் டாக்டரானார். இதையும் சொல்ல வேண்டும்: கிறிஸ்தவர்கள் காப்பாற்றினார்கள், யூதர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக்கதைதான். யூதர்களே உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்தார்கள்.

போதகர் வீட்டில் இந்தக் கள்ளக் காகிதம் இலேசான விஷயமாக இருக்கவில்லை. பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு முன்பாகவே வேறு பெயர்களைச் சொல்ல வேண்டியிருந்தது மாக்தாவுக்குப் பாரமாக இருந்தது. 1943 கோடையிலிருந்து திரோக்மே தாமே தலைமறைவானார், பெகே என்ற பெயரில் கள்ள அட்டை வைத்திருந்தார். ஒருமுறை லியோன் ரயில் நிலையத்தில் மகனோடு போகும்போது ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்டார். உன் உண்மையான பெயரா இது என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்று உள்ளத்தில் தீர்மானித்தாராம். பிடித்து நிறுத்தின இடத்தில் தூண் மறைவாக நழுவிக் கூட்டத்தில் கலந்து தப்பினார், கேள்வி வரவில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கள்ள அட்டை கிடைக்க வழி செய்தவர், தன் உயிருக்காக ஒரு பொய் சொல்லத் தயங்குகிறார். இதில் முரண்பாடு இல்லையா? இருக்கிறது. அவரே அதை அறிந்திருந்தார்.

கோரி டென் பூம் அம்மையாரை நம் சபைகளில் அறியாதவர்கள் குறைவு. ஹாலந்து தேசத்துக் கடிகாரக்காரர் குடும்பம், 1944 பிப்ரவரி 28-ல் கைது செய்யப்பட்டார்கள், வயதான தகப்பனார் பத்து நாளில் சிறையில் மரித்தார், அக்காள் பெட்சி ராவென்ஸ்புரூக் முகாமில் மரித்தார். அதே குடும்பத்தில் நோலி என்ற சகோதரி, வீட்டில் இருந்த பெண் யூதப் பெண்ணா என்று கேட்டபோது ஆம் என்று உண்மையையே சொல்லிவிட்டார் என்று கோரி எழுதியிருக்கிறார். கோரிக்கு அப்பொழுது கோபம் தாங்கவில்லை. அந்தப் பெண் பிறகு தப்புவிக்கப்பட்டாள் என்பது வேறு விஷயம். ஒரே வீட்டில், ஒரே ஆண்டவரை நேசித்த இரண்டு சகோதரிகள் இரண்டு விதமாக நினைத்தார்கள்.

ராகாப் வீட்டு மாடியில் சணல் தட்டைகளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். வாசலிலே ராஜாவின் ஆட்கள். அவள் போய்விட்டார்கள் என்றாள். எபிரெயர் 11:31-ம் யாக்கோபு 2:25-ம் அவளுடைய விசுவாசத்தையும் கிரியையையும் சாட்சியாக வைக்கின்றன. அவளுடைய பொய்யை அவைகள் புகழவும் இல்லை, அதற்காக அவளைக் கண்டிக்கவும் இல்லை. நானும் அந்த எல்லையைத் தாண்டப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளவும், நிலப் பத்திரத்திலும், வருமானக் கணக்கிலும் பொய் சொல்லிவிட்டு, ராகாபைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவன் அவளை அவமதிக்கிறான். அவள் கழுத்து கயிற்றில் இருந்தது.

பெயர் தெரியாத வீடுகள்

திரோக்மேயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு தவறு வந்துவிடும். ஒரு பெரிய ஊழியக்காரர் வந்தார், எல்லாம் நடந்தது என்கிற எண்ணம் வரும். நம் சபைகளில் ஏற்கனவே அந்த வியாதி உண்டு. 1943 பிப்ரவரி 13-ல் திரோக்மேயையும் தேய்ஸையும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ரோஜே தார்சிசாக்கையும் கைது செய்து ஒரு மாதம் முகாமில் வைத்தார்கள். (கைது செய்ய வந்த போலீஸார் காத்திருக்க நேர்ந்தபோது மாக்தா அவர்களையும் சாப்பிட உட்காரவைத்துப் பரிமாறினார். எப்படி முடிந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு, சாப்பாட்டு நேரம், சாப்பாடு தயாராக இருந்தது என்பதுபோலத்தான் பதில் சொன்னார்.) மார்ஷலின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுகிறோம் என்றபோது இரண்டு போதகர்களும் மறுத்தார்கள். ஆச்சரியமாக மறுநாளே விட்டுவிட்டார்கள். இப்பொழுது கேள்வி: போதகர்கள் உள்ளே இருந்த அந்த மாதத்தில் வேலை நின்றதா? நிற்கவில்லை. இருவரும் தலைமறைவாக இருந்த மாதங்களிலும் நிற்கவில்லை.

ஏனென்றால் வேலை பண்ணை வீடுகளில் நடந்தது. கணவன் வயலில் இருப்பான், பெண்தான் கதவைத் திறப்பாள். ஒரு பிள்ளை என்று சொல்லி அனுப்பினால் இரண்டு வந்து நிற்கும். வந்தது வந்ததுதான், சூப்பில் தண்ணீர் ஊற்று. இத்தனை பழைய ஏற்பாடு அனுப்புகிறோம் என்று செய்தி வந்தால் இத்தனை யூதர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம் எனச் சொல்வார்கள். அந்த மேட்டுநிலத்தில் பிரதரன் சபையைச் சேர்ந்தவர்களும் நிறைய இருந்தார்கள். போதகர் என்று ஒருவரையும் வைத்துக்கொள்ளாதவர்கள், அதிகம் பேசாதவர்கள். வேதத்தின் ஜனம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்ற பயபக்தியோடு யூதரை ஏற்றுக்கொண்டார்கள். கத்தோலிக்கரும், எந்த விசுவாசமும் இல்லாதவர்களும் செய்தார்கள். குவேக்கர் சபையாரும் சுவிட்சர்லாந்து உதவிச் சங்கமும் பிள்ளைகள் இல்லங்களுக்குப் பணமும் ஆட்களும் தந்தார்கள்.

நம்முடைய பக்கத்து ஜனங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஞானஸ்நானம் எடுத்தால்தான் சோறு என்று அங்கே சொல்லவில்லை. பசியோடு ஒளிந்திருக்கிற பிள்ளையிடம் மதம் பேசி லாபம் பார்க்கவில்லை. யூதர்கள் தங்கள் பண்டிகைகளை ஆசரிக்க இடம் கொடுத்தார்கள். சுவிசேஷத்துக்கு இவர்கள் வெட்கப்பட்டார்கள் என்று யாராவது சொல்லமுடியுமா?

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்? சுமார் 5,000 பேர், அதில் 3,500 யூதர் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. பின்னர் ஆராய்ந்தவர்களில் பலர் அதைவிடக் குறைவாகவே கணக்கிடுகிறார்கள். சாட்சி சொல்லும்போது எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுகிற பழக்கம் நமக்குள் இருப்பதால் இதைச் சொல்லுகிறேன். ஆயிரம் என்றாலும் ஆயிரம் உயிர்.

கொடுத்த விலை

எல்லாரும் தப்பவில்லை. திரோக்மேயின் உறவினர் தானியேல் திரோக்மே என்ற வாலிப ஆசிரியர், பிள்ளைகள் இல்லம் ஒன்றையும் மாணவர் விடுதி ஒன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயக் கோளாறு உள்ளவர். 1943 ஜூன் 29-ல் ஜெர்மானிய ரகசியப் போலீஸார் மாணவர் விடுதியைச் சுற்றி வளைத்தார்கள். தானியேல் அப்பொழுது மற்ற வீட்டில் இருந்தார், ஓடியிருக்கலாம். ஓடவில்லை, தன் மாணவர்களோடு போனார். 18 மாணவர்களைக் கொண்டுபோனார்கள், அவர்களில் பலர் திரும்பவில்லை. தானியேல் 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் மரித்தார்.

அன்றைக்கு மாக்தா அந்த விடுதிக்கு ஓடினார். ஊர் ஓட்டலில் அப்பொழுது காயம்பட்ட ஜெர்மானியச் சிப்பாய்கள் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார்கள் (ஒளிந்திருக்கிறவர்களும் அவர்களும் ஒரே ஊரில்!). சில நாட்களுக்கு முன் ஆற்றில் மூழ்கப்போன ஒரு சிப்பாயை அந்த விடுதியின் ஸ்பானிய மாணவன் ஒருவன் காப்பாற்றியிருந்தான். மாக்தா அந்த ஓட்டலுக்குப் போய், சிப்பாய்களையே கூட்டிக்கொண்டு வந்து சாட்சி சொல்ல வைத்தார். அந்த ஒரு மாணவனை விட்டார்கள். மற்றவர்களை விடவில்லை.

ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே 1944 ஆகஸ்ட் 20-ல் லியோனுக்கு அருகே மற்றக் கைதிகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்குச் சில நாட்களே இருந்தன.

1990-ல் இஸ்ரவேலிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் லெ ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக் கனப்படுத்தியது. இப்படி யூதரைக் காத்த பிற ஜாதியார் என்று அது பெயர் எழுதி வைத்திருப்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் சேர்த்து 28,000-க்கு மேல். ஐரோப்பாவின் கோடிக்கணக்கான ஞானஸ்நானம் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அது மிகவும் சின்ன எண். நிறையச் சபைகள் மவுனமாக இருந்தன. சில, காட்டிக்கொடுக்கவும் உதவின. ஒபதியா தீர்க்கதரிசி 14-ம் வசனத்தில், தப்பி ஓடுகிறவர்களை வழிச்சந்தியில் மறித்து நின்ற ஏதோமைக் கர்த்தர் கண்டிக்கிறார். ஆராதனைக்குப் போய்க்கொண்டே ஏதோமாக நிற்க முடியும்.

இதை எழுதும்போது என் வீட்டு வாசல் எனக்கு ஞாபகம் வருகிறது, மறைக்கக் கூடாது. சில வருஷங்களுக்கு முன் மழை பெய்த ஒரு ராத்திரி, பதினோரு மணிக்குமேல், புருஷனிடம் அடிபட்ட ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள். சபைக்கு வருகிறவள் அல்ல. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தெருவில் என்ன பேசுவார்கள், அவன் குடித்துவிட்டு இங்கே வந்து ரகளை பண்ணினால் ஊழியத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். காலையில் வாம்மா, ஜெபிப்போம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். டவலை எடுங்க என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அந்த வாரம் நான் பிரசங்கித்த வேதபகுதி லூக்கா 10. அதற்குமேல் விளக்க வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டங்களுக்கு வருகிறவர்கள் உபாகமம் 19-ஐ மறுபடியும் வாசித்துவிட்டு வாருங்கள். திரோக்மே போதகரும் அடைக்கலப் பட்டணங்களைக் குறித்த இந்தப் பகுதியைத் தம் சபைக்கு முன்வைத்தவர்தான். மூன்றாம் வசனத்தில், அடைக்கலப் பட்டணங்களுக்கு ஓடிப்போக வழியை ஆயத்தம்பண்ணச் சொல்லியிருக்கிறது. பட்டணம் இருந்தால் மட்டும் போதாது, அங்கே போய்ச் சேர வழியும் போட்டிருக்க வேண்டும். அந்த வழியைப் போடவேண்டியது யார், எப்பொழுது போடவேண்டும் என்பதை அந்த அதிகாரத்திலிருந்தே கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வாருங்கள். சகோதரிகள் முதலில் பேசட்டும்.